பல்கலைக்கழகத்து வரவு செலவ ஊருக்கும் தமிழ்ல காட்டுங்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழகங்களோட பணக்கஷ்டம் பத்தி உங்க பேப்பர்ல அப்பப்ப செய்தி வருது, சம்பளம் போடல, பென்ஷன் நிக்குது, துணைவேந்தர் இல்ல, பட்டமளிப்பு தள்ளிப் போச்சுன்னு. படிச்சிட்டு ஆளுங்க ஒண்ணு கவர்னர திட்றாங்க இல்லாட்டி கவர்மெண்ட திட்றாங்க, அதோட பேப்பர மடிச்சு வச்சுட்டு டீ குடிக்கப் போயிடறாங்க. ஒரு பல்கலைக்கழகம் வருஷத்துக்கு எவ்வளவு வாங்குது, யார்கிட்ட வாங்குது, எதுக்கு செலவழிக்குது, அந்த செலவுக்கு என்ன வெளஞ்சுச்சுன்னு சாதாரண மனுஷனுக்குப் புரியற மாதிரி தமிழ்ல ரெண்டு தாள்ல எழுதி ஊர்ல காட்டுனத நான் இதுவரைக்கும் பாக்கல. ஆயுசு பூரா அடுத்தவங்க கடைக்கு கணக்கு எழுதிப் பொழச்சவன் நான், அதனால எனக்கு மத்தத விட இதுதான் உறுத்துது. அதுக்குத்தான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமா போனா மன்னிச்சுக்கங்க, வெட்டறதா இருந்தா பின்னாடி இருந்து வெட்டாதீங்க, முக்கியமானது அங்கதான் இருக்கு.

செட்டிநாட்டுக்காரனுக்கு இதுல என்ன அக்கறைன்னு யாரும் கேக்க முடியாது. சிதம்பரத்துல 1929-ல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்த ஆரம்பிச்ச ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாருக்கு சொந்த ஊரு கானாடுகாத்தான். காரைக்குடியில 1947-ல ஆர்ட்ஸ் காலேஜ ஆரம்பிச்சு அதுக்கப்புறம் வரிசையா காலேஜ், ஸ்கூல்னு கட்டுன வள்ளல் அழகப்பச் செட்டியாருக்கு ஊரு கோட்டையூர், எங்க ஊரு பள்ளத்தூருக்கு அடுத்த ஊருதான். இன்னைக்கு சிக்ரின்னு சொல்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அவரு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் குடுத்தாரு, 1948-ல நேரு வந்து அடிக்கல் நாட்டுனாரு, 1953-ல ராதாகிருஷ்ணன் வந்து தெறந்து வச்சாரு. அந்தக் காலத்து 15 லட்சம்னா என்னன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். அவரு போனது 1957, வயசு அம்பது கூட ஆகல. அவரு போட்ட அஸ்திவாரத்து மேலதான் 1985-ல கவர்மெண்ட் தனிச் சட்டம் போட்டு அழகப்பா பல்கலைக்கழகத்த உண்டாக்குச்சு. இப்ப அது எந்தக் குடும்பத்து தர்மமும் இல்ல, வரி கட்டற சனத்தோட சொத்து. சிவகங்கை ராமநாதபுரம் ரெண்டு ஜில்லா காலேஜ்களும் அதுக்குக் கீழதான் வருது, அதனால இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தராச்சும் அதுக்கு ஏதாவது ஒரு பீஸ் கட்டியிருப்பாங்க.

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், நம்ம ஊரு பல்கலைக்கழகத்துல ஏதோ தப்பு நடக்குதுன்னு சொல்ல வரல. 2017-ல உயர்கல்வித் தரத்துக்கு மார்க் போடற நாக் கமிட்டி வந்து நாலுக்கு 3.64 குடுத்து ஏ பிளஸ் போட்டுட்டுப் போனாங்க, அடுத்த வருஷமே யுஜிசிங்கற பல்கலைக்கழக மானியக்குழு முதல் வகைப் பல்கலைக்கழகம்னு அந்தஸ்து குடுத்துச்சு, ரூசாங்கற உயர்கல்வித் திட்டத்துல 50 கோடி ஒதுக்குனாங்க. ஊருக்கே பெருமைதான், பிளக்ஸ் பேனர் வச்சோம். ஆனா மார்க் வந்தப்ப பேனர் வைக்கிற ஊருக்கு வருஷா வருஷம் வரவு செலவையும் காட்டணுமா இல்லையா?

கணக்க மூடி வச்சா என்ன ஆகும்கறதுக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல பன்னிரண்டாயிரம் பேருக்கும் மேல வேலை பாக்கற அளவுக்கு ஆள் சேந்து போயி, கடைசியில சம்பளம் போட வழி இல்லாம 2013-ல கவர்மெண்டு ஒரு ஐஏஎஸ் அதிகாரிய உக்கார வச்சு, அப்புறம் சட்டமே போட்டு எடுத்துக்கிச்சு. தேவைக்கு மேல இருந்த ஆளுகள தமிழ்நாடு பூரா கவர்மெண்ட் காலேஜ்லயும் ஆபீஸ்லயும் கொண்டு போயி சொருகுனாங்க. ஒரு வருஷத்துல திடீர்னு அத்தனை பேரு உள்ள வந்துட முடியுமா? வருஷா வருஷம் சம்பளச் செலவு ஏறிக்கிட்டே போயிருக்கும், யாரோ ஒருத்தர் எங்கயோ ஒரு ரிப்போர்ட்டுல அத எழுதியும் இருப்பாரு, வெளிய இருந்தவன் கண்ணுல அந்த நம்பர் படல, அவ்வளவுதான். பட்டிருந்தா பத்து வருஷத்துக்கு முன்னாடியே யாராச்சும் கேட்டிருப்பான்.

சரி, பல்கலைக்கழகத்துக்கு காசு எங்கிருந்து வருது. எங்க தெருவுல ஒரு ஆட்டோ டிரைவர் தம்பி, பொண்ண பிகாம் சேத்திருக்காரு, "ஏண்ணே, கவர்மெண்டு யுனிவர்சிட்டிங்கறாங்க, அப்பறம் எதுக்கு பரீட்சை பீஸு அது இதுன்னு வாங்குறாங்க"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்விதான். கவர்மெண்டு பிளாக் கிராண்ட்னு வருஷத்துக்கு ஒரு தொகை குடுக்கும், அது சம்பளத்துக்கே பத்தாது. மிச்சம் பரீட்சை பீஸ், காலேஜ்கள் கட்டற இணைப்புக் கட்டணம், சுயநிதி கோர்ஸ் பீஸ், அப்புறம் கரஸ்னு சொல்ற தொலைதூரக் கல்வி பீஸ். இது போக யுஜிசி, டிஎஸ்டிங்கற மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, முன்னாடி ரூசான்னு டெல்லியில இருந்து ஆராய்ச்சிக்கு வர்ற காசு, ஆனா அது கட்டுப்பட்ட காசு, மிஷின் வாங்க குடுத்தத எடுத்து சம்பளம் போட முடியாது. இது தெரியாமத்தான் "அம்பது கோடி வந்துச்சே, எங்க போச்சு"ன்னு டீக்கடையில பேசறாங்க, தெரியாதவங்கள சொல்லி குத்தமில்ல, கட்டுப்பட்ட காசு இவ்வளவு, கைக்காசு இவ்வளவுன்னு ரெண்டு பத்தியா பிரிச்சு தமிழ்ல எழுதிக் காட்டியிருந்தா இந்தப் பேச்சே வராது.

கரஸ்தான் ஒரு காலத்துல கறவ மாடு. கல்ஃப்ல இருக்கறவன், ஆந்திராவுல இருக்கறவன், டெல்லியில இருக்கறவன் எல்லாம் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்துல பீஸ் கட்டி படிச்சான். 2013-ல யுஜிசி மாநிலப் பல்கலைக்கழகம் மாநிலத்த தாண்டி சென்டர் வைக்கக் கூடாதுன்னு கறாரா சொல்லிடுச்சு, அப்புறம் 2017-லயும் 2020-லயும் நாக்ல இவ்வளவு புள்ளி இருந்தாத்தான் தொலைதூரக் கல்வி நடத்தலாம்னு விதி போட்டுச்சு. விதி நல்லதுதான், தெருவுக்கு ஒரு ஸ்டடி சென்டர் வச்சு நடந்த கூத்தெல்லாம் நமக்குத் தெரியாததா. ஆனா அந்த வரும்படிய நம்பி ஏத்துன செலவு எறங்காதுல்ல. கூடவே இன்னொரு விஷயம், நெறைய பேருக்குத் தெரியாது, 2024 அக்டோபர்ல காலேஜ்களுக்குக் குடுக்கற இணைப்புக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டுன்னு சுற்றறிக்கை விட்டாங்க. பில்லு காலேஜ் பேர்லதான் வரும், காலேஜ் அத தன் பாக்கெட்டுல இருந்தா கட்டும்? சுத்திச் சுத்தி அந்த ஆட்டோக்கார தம்பி தலையிலதான் விடியும்.

செலவுப் பக்கம் சம்பளம் பெருசு, அதவிட பெருசா வளந்துக்கிட்டே இருக்கறது பென்ஷன். 2003 ஏப்ரலுக்கு முன்னாடி வேலைக்கு சேந்தவங்களுக்கு பழைய பென்ஷன். அவங்க இப்ப வரிசையா ரிட்டையர் ஆகுறாங்க, நல்லா இருக்கணும், உழைச்சு வாங்கறது, ஆனா அந்தக் காசுல பெரும்பங்கு பல்கலைக்கழகம் தன் சொந்த நிதியில இருந்து எடுத்துக் குடுக்க வேண்டியிருக்கு. மதுரை காமராசர்ல ரிட்டையர் ஆன பேராசிரியருங்களே பென்ஷனுக்காக தரையில உக்காந்து போராடுனத உங்க பேப்பர்லயே போட்டோ போட்டீங்க. இன்னொரு பக்கம் நிரந்தர போஸ்ட் காலியா கெடக்கு, கெஸ்ட் லெக்சரர வச்சு ஓட்றாங்க. யுஜிசி 2019-லயே ஒரு வகுப்புக்கு 1500 ரூபாய், மாசத்துக்கு அதிகபட்சம் 50,000 வரைக்கும் குடுக்கலாம்னு எழுதி அனுப்பிடுச்சு. எத்தன எடத்துல அத குடுக்கறாங்க? பிஎச்டி முடிச்சவன் வாங்கற சம்பளத்த வெளிய சொல்ல கூச்சப்படறான். வருஷ அறிக்கையில நிரந்தரம் எத்தனை பேரு, கெஸ்ட் எத்தனை பேரு, ஒரு ஆளுக்கு சராசரியா என்ன சம்பளம்னு ஒரு வரி போட்டா அந்த அறிக்கையில மிச்சம் இருக்கற கலர் போட்டோ எல்லாத்தையும் விட அது அதிகம் சொல்லிடும்.

சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நடந்தது இன்னும் வேடிக்கை. 1857-ல ஆரம்பிச்ச பல்கலைக்கழகம், 2024 பிப்ரவரியில வருமான வரித்துறை 424 கோடி வரி பாக்கின்னு சொல்லி அதோட பேங்க் அக்கவுண்ட எல்லாம் முடக்குச்சு. கவர்மெண்ட் பல்கலைக்கழகத்துக்கு எப்படிய்யா வருமான வரின்னு நானும் முழிச்சேன். பழைய ஆடிட்டர் நண்பர் ஒருத்தர்தான் வெளக்குனாரு, மொத்த வரவுல பாதிக்கு மேல கவர்மெண்ட் கிராண்டா இருந்தாத்தான் வருமான வரிச் சட்டத்துல அதுக்குன்னு இருக்கற பிரிவுல வரிவிலக்காம். அதாவது கவர்மெண்டு குடுக்கறது கொறஞ்சா பீஸ ஏத்தணும், பீஸ் ஏறுனா கிராண்டோட பங்கு இன்னும் கொறையும், கொறஞ்சா வரி வரும், வரி கட்ட மறுபடி காசு வேணும். கிராண்ட் ஏன் கொறையுதுன்னு கேட்டா தணிக்கை ஆட்சேபணை தீரலங்கறாங்க. உள்ளாட்சி நிதி தணிக்கைத் துறைதான் பல்கலைக்கழகங்கள தணிக்கை பண்ணுது. அவங்க ஆட்சேபணை எழுதுவாங்க, பல்கலைக்கழகம் பதில் எழுதும், அது வருஷக்கணக்கா பைல்ல தூங்கும், ஆள் மாறும், பதில் சொல்ல வேண்டியவரு ரிட்டையர் ஆகிடுவாரு. கடையில நாங்க அனாமத்துன்னு ஒரு தலைப்பு வச்சிருப்போம், எதுலயும் சேராதத அதுல போட்டு வைப்போம், ஆனா வருஷக் கடைசியில அத தீக்காம புதுப் பேரேடு போட முதலாளி விட மாட்டாரு.

முதலாளின்னதும் சொல்றேன். எங்க அப்பச்சி பினாங்குல ஒரு மார்க்காவுல, அதாவது செட்டியார் வட்டிக்கடையில, ஏஜெண்டுக்கு அடுத்த நிலையில இருக்கற அடுத்தாளா இருந்தவரு. வேலை பழகற பெட்டியடிப் பையனா போயி அடுத்தாளா ஆனவரு. அந்தக் காலத்துல இங்க இருந்து ஏஜெண்டா போறவருக்கு சம்பளச்சீட்டு எழுதிக் குடுத்து மூணு வருஷத்துக்குத்தான் அனுப்புவாங்க. மாசா மாசம் ஐந்தொகைன்னு வரவு செலவு இருப்புக் கணக்கு எழுதி கப்பல் தபால்ல ஊருக்கு வந்துடணும், அத இங்க வீட்டு வளவுல உக்காந்து பெரியவங்க வரி வரியா பாப்பாங்க, வயசான ஆச்சிமாருக்கு கூட அந்தத் தாள படிக்கத் தெரியும், வட்டி கொறஞ்சிருந்தா ஏன்னு கேட்டு லெட்டர் போகும். மூணு வருஷம் முடியறப்ப புது ஏஜெண்ட் கப்பல் ஏறி அங்க போயி, பழையவரும் புதியவரும் சேந்து உக்காந்து யார் யார்கிட்ட எவ்வளவு நிலுவை, எது வரும், எது வராதுன்னு ஒவ்வொரு பேரா பாத்து கையெழுத்து போட்ட பிறகுதான் பழையவரு ஊருக்கு கெளம்ப முடியும். கடைய ஆளில்லாம போட்டுட்டு வர்ற பேச்சே கெடயாது.

துணைவேந்தர் பதவியும் மூணு வருஷம்தான். ஆனா இங்க என்ன நடக்குது? கோவை பாரதியார்ல 2022 அக்டோபர்ல காலியான நாற்காலி, சென்னையில 2023 ஆகஸ்ட்ல காலியான நாற்காலி, வருஷக்கணக்கா ஆள் போடாம கெடந்துச்சு. தேடுதல் குழுவுல யுஜிசி ஆள் வேணும்னு வேந்தரா இருக்கற கவர்னர் சொன்னாரு, வேண்டாம்னு கவர்மெண்டு சொல்லுச்சு. நியமிக்கற அதிகாரத்த கவர்மெண்டே எடுத்துக்கற மாதிரி மசோதா போட்டாங்க, அது கெடப்புல கெடந்து, 2025 ஏப்ரல் 8-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதையும் சேத்து பத்து மசோதாவுக்கும் ஒப்புதல் கெடச்சதாவே எடுத்துக்கணும்னு தீர்ப்பு சொல்லுச்சு, மே மாசமே துணைவேந்தர் நியமன அதிகாரத்துக்கு ஐகோர்ட் தடை போட்டுச்சு. யாரு பக்கம் நியாயம்னு நான் சொல்லப் போறதில்ல, அதுக்கு வக்கீலுங்க இருக்காங்க. எனக்கு தெரிஞ்சது என்னன்னா, துணைவேந்தர் இல்லாத எடத்துல கன்வீனர் கமிட்டின்னு ஒண்ணு போடறாங்க, அதுக்கு தலைவரா உயர்கல்வித்துறை செயலாளர் இருப்பாரு, அவருக்கு கோட்டையில ஆயிரம் வேலை, ஒரே ஆளு ரெண்டு மூணு பல்கலைக்கழகத்துக்கு தலைவர்னா எந்த பைல எப்ப பாப்பாரு?

இதுல மாட்டிக்கிறது யாருன்னா படிச்ச புள்ளைங்க. எங்க தெரு ஆச்சி ஒருத்தரோட பேத்தி, படிச்சது வெளியூர்ல, எந்தப் பல்கலைக்கழகம்னு நான் எழுதல. வெளிநாட்டுக் கம்பெனி ஒரிஜினல் டிகிரி சர்டிபிகேட்ட ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லுது, அவகிட்ட இருக்கறது புரொவிஷனல் மட்டும்தான். போயி கேட்டா, துணைவேந்தர் வரணும், வந்தா பட்டமளிப்பு, பட்டமளிப்பு முடிஞ்சாத்தான் சர்டிபிகேட்னு கவுண்டர்ல இருக்கற அம்மா மனப்பாடமா ஒப்பிக்குது. அந்த அம்மா என்ன பண்ணும் பாவம். ஆச்சி என்கிட்ட வந்து, "ஏம்ப்பா, பீஸு கட்டறப்ப மட்டும் கையெழுத்து போட ஆள் இருந்துச்சே"ன்னாக. என்கிட்ட பதில் இல்ல.

இப்ப கேக்க வந்தத கேக்கறேன். என்ஐஆர்எப்னு டெல்லியில வருஷா வருஷம் ரேங்க் போடறாங்கல்ல, 2016-ல இருந்து, அதுல கலந்துக்கற ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு பாரம் நெரப்பி அனுப்பணும். எத்தனை பேரு சேந்தான், எத்தனை பேரு சொன்ன காலத்துல முடிச்சான், எத்தனை பேருக்கு வேலை கெடச்சுச்சு, அவனுக்கு நடுவாந்தரமா என்ன சம்பளம், மூணு வருஷத்துல லைப்ரரிக்கு எவ்வளவு, லேப்புக்கு எவ்வளவு, சம்பளத்துக்கு எவ்வளவு செலவு, எத்தனை பிஎச்டி, எல்லாம் அதுல இருக்கும். அத தங்க வெப்சைட்லயும் போட்டாகணும்னு விதி. போடறாங்க, இல்லைன்னு சொல்லல, இங்கிலீஷ்ல, எங்கயோ ஒரு மூலையில, பிடிஎப்பா. என் பேரன்தான் செல்லுல எடுத்துக் காட்டுனான். டெல்லிக்கு இவ்வளவு ஒழுங்கா கணக்கு சொல்ல முடியுதுன்னா காரைக்குடி தேவகோட்டை பரமக்குடிக்காரனுக்கு சொல்றதுல என்ன கஷ்டம்? அதே நம்பர தமிழ்ல, வரவு ஒரு பக்கம் பற்று ஒரு பக்கம், போன வருஷத்து நம்பர் பக்கத்துலயே, நாலு பக்கத்துக்கு மிகாம அடிச்சா போதும். கூடவே தணிக்கை ஆட்சேபணை எத்தனை பாக்கி, எவ்வளவு ரூபாய்க்கு, எந்த வருஷத்துல இருந்துன்னு ஒரு சின்ன அட்டவணை. சிண்டிகேட்னு சொல்ற ஆட்சிக்குழு என்ன முடிவு எடுத்துச்சுன்னு கூட்டம் முடிஞ்ச மாசத்துக்குள்ள போட்டுடணும், சிண்டிகேட் கூட்டம்னா என்னமோ ராணுவ ரகசியம் மாதிரி வச்சிருக்காங்க, உள்ள இருக்கறதுல பாதி கட்டட ரிப்பேரும் கோர்ஸ் அனுமதியும்தான். துணைவேந்தர் ஒருத்தர் பதவி முடிஞ்சு போறப்ப வந்தப்ப இருந்த இருப்பு இவ்வளவு, விட்டுட்டுப் போற இருப்பு இவ்வளவு, பாக்கி இவ்வளவுன்னு கையெழுத்து போட்டு ஒரு தாள் வச்சுட்டுப் போகணும், அது வரலைன்னா வழியனுப்பு விழா கெடயாதுன்னு வச்சா தானா வரும்.

இதுக்கு புதுசா சட்டம் எதுவும் வேண்டாம். தகவல் உரிமைச் சட்டம் 2005, 4-வது பிரிவு, பட்ஜெட் எவ்வளவு, எதுக்கு ஒதுக்குனது, எவ்வளவு செலவாச்சுங்கறத யாரும் மனு போட்டு கேக்காமலே தானா வெளியிடணும்னுதான் சொல்லுது, அதுவும் அந்தந்த எடத்து சனத்துக்குப் புரியற பாஷையில வெளியிடணும்னு அதே பிரிவுல இருக்கு. கேட்டா பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போடுங்கங்கறாங்க. போடறதுக்கு ஒண்ணும் இல்ல, ஆனா முப்பது நாள் கழிச்சு வர்ற பதில்ல பாதிக்கு "வெப்சைட்ட பாக்கவும்"னு இருக்கும்.

பட்டமளிப்பு விழா வர்ற வாரம் அந்த நாலு பக்கத்த உங்க பேப்பர்லயே விளம்பரமா போடச் சொல்லலாம், டெண்டர் விளம்பரம் போடற காசுதான் ஆகும். இல்லாட்டி ஒவ்வொரு ஊரு கிளை நூலகத்துக்கும் ஒரு காப்பி அனுப்பட்டும். பள்ளத்தூருக்கு ஒண்ணு வந்தா மத்தியானத்துல நாங்க நாலஞ்சு பழைய கணக்கு ஆளுங்க உக்காந்து கூட்டிப் பாத்து, கணக்கு இடிக்கறது எங்கன்னு பென்சில்ல குறிச்சு பதிவாளருக்கே திருப்பி அனுப்பி வைக்கறோம். தபால் செலவு எங்களது.

இப்படிக்கு,
ஒரு பழைய கணக்குப்பிள்ளை,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.